கட்டளை முடியும்போது சொல்லும் எண்ணைக் கையேட்டில் எப்படி எழுதுவது?

கேள்வி இதுதான். கேட்டவர் சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார். சேகோ ஆலைகளுக்கும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் கணக்கு, இருப்பு, எடை பார்க்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறார்கள். அதில் டெர்மினலில் ஓட்டும் கட்டளைகள் நாற்பது இருக்கின்றன. கையேட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இவரிடம் வந்திருக்கிறது. சில பக்கங்களில் “வெற்றி எனில் 0” என்று இருக்கிறது, சிலவற்றில் “சரியாக இருந்தால் ட்ரூ திருப்பும்” என்று இருக்கிறது, பாதிக்கு மேற்பட்ட பக்கங்களில் ஒன்றுமே இல்லை. “எல்லாப் பக்கத்திலும் இதற்குத் தனித் தலைப்பு வேண்டுமா? எப்படியும் 0 அல்லது 1 தானே, அதையே நாற்பது தடவை எழுதுவது வீண்வேலை இல்லையா?” என்கிறார்.

வீண்வேலை இல்லை. நாற்பதிலும் எழுதுங்கள். ஒரே தலைப்பில், ஒரே இடத்தில், ஒரே சொற்களில் எழுதுங்கள். கட்டளை முடியும்போது சொல்லும் இந்த எண்ணுக்கு எக்ஸிட் கோட் என்று பெயர். அதைப் படிப்பது பெரும்பாலும் மனிதர் இல்லை, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் க்ரான் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டளையை ஓட்டும்போது திரையில் வரும் சிவப்பு எழுத்தைப் பார்க்க ஆபீசில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அடுத்த வேலையைத் தொடங்கலாமா, நிறுத்த வேண்டுமா என்று முடிவு செய்வது அந்த ஒரு எண்தான். அந்த ஸ்கிரிப்டை எழுதுகிறவர் உங்கள் கையேட்டை நம்பித்தான் எழுதுவார்.

“வெற்றி எனில் 0” என்ற வரியே போதாது என்பதை நான் ஒரு பேக்கப் விஷயத்தில் கற்றுக்கொண்டேன். லீ பஜாரில் ஒரு மொத்த வியாபாரியின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாங்கியிருந்த கணக்கு மென்பொருளோடு ஒரு பேக்கப் கட்டளையும் வந்திருந்தது. கையேட்டில் அதற்கு ஒரே வரி: பேக்கப் எடுத்து முடித்ததும் 0 திருப்பும். அதை நம்பி இரவு வேலையில் கோத்தேன். 0 வந்தால் லாக்கில் “பேக்கப் முடிந்தது” என்று எழுதும். ஒரு நாள் ஆபீசில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் லாக்கில் தினமும் “பேக்கப் முடிந்தது” என்றே வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து வேறு எதையோ தேடும்போது பேக்கப் ஃபைல்களின் அளவு கண்ணில் பட்டது. முந்தைய ஃபைல்கள் எல்லாம் பல எம்பி, கடைசி மூன்று வாரத்து ஃபைல்கள் ஒவ்வொன்றும் 20 பைட்.

ஃபைலைச் சுருக்கும் ஜிசிப் கட்டளைக்குள் ஒன்றுமே இல்லாததை அனுப்பினால் சரியாக 20 பைட் ஃபைல் வரும். கட்டளையைத் திறந்து பார்த்தேன், அது ஷெல்லுக்கு, அதாவது டெர்மினலில் அடிப்பதை வாங்கி ஓட்டும் புரோகிராமுக்கு, எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். டேட்டாபேஸை நகலெடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் தருவதைக் குழாய் போட்டு, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை நேரே அடுத்த கட்டளைக்குக் கொடுத்து, ஜிசிப்புக்குள் விட்டிருந்தார்கள். குழாயில் கோத்த கட்டளைகளில் கடைசியாக நிற்பதன் எண்ணைத்தான் ஷெல் மொத்தத்துக்கும் எண்ணாக எடுத்துக்கொள்ளும். பழைய பாஸ்வேர்டு செல்லாததால் டம்ப் கதவிலேயே நின்றுவிட்டது. ஜிசிப் தனக்கு வந்த வெறுமையைப் பத்திரமாகச் சுருக்கிவைத்துவிட்டு 0 என்றது. பாஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டிருந்தால் டம்பின் தோல்வி வெளியே தெரிந்திருக்கும். அந்த மூன்று வாரத்தில் டிஸ்க் போயிருந்தால் அந்தக் கடையின் பாக்கிக் கணக்கு முழுவதும் போயிருக்கும்.

அந்தக் கையேட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை. 0 என்றால் என்ன முடிந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். “0: டேட்டாபேஸ் முழுவதும் படிக்கப்பட்டு ஃபைலில் எழுதப்பட்டது” என்று எழுத உட்கார்ந்திருந்தால், இதை எப்படி உறுதியாகச் சொல்வது என்று ஒரு தடவையாவது ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்திருப்பார். அதனால்தான் தோல்வி எண்களோடு 0 எண்ணுக்கும் பொருள் எழுதச் சொல்கிறேன்.

அடுத்து, “இல்லை” வேறு, “முடியவில்லை” வேறு. கையேடுகளில் அதிகம் கலங்கிப்போகும் இடம் இது. ஃபைல்களுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளை இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாமல் போனால் 2. ஃபைல்களை ஒப்பிடும் டிஃப் கட்டளையும் அப்படித்தான்: இரண்டு ஃபைலும் ஒன்றானால் 0, வேறுபட்டால் 1, ஃபைலைத் திறக்க முடியாதது போன்ற கோளாறு என்றால் 2. இதில் 1 என்பது பிழையே இல்லை, அது ஒரு பதில். இது தெரியாமல், 0 தவிர எது வந்தாலும் நின்றுவிடும்படி ஸ்கிரிப்டை அமைத்துவிட்டு, பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை கிரெப் கொண்டு தேடிப் பாருங்கள். யாருமே பாக்கி இல்லை என்ற நல்ல நாளில் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோகும்.

உங்கள் நாற்பதில் “சரிபார்”, “தேடு”, “ஒப்பிடு” வகைக் கட்டளைகள் எவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மூன்று எண் வேண்டும். இரண்டுதான் இருக்கிறது என்றால் அது கையேட்டின் குறை இல்லை, கட்டளையின் குறை. புரோகிராமரிடம் போய்ச் சொல்லுங்கள். கையேடு எழுதுகிறவர் இப்படிக் கண்டுபிடித்துச் சொல்லும் பிழைகள் ஏராளம்.

விண்டோஸில் ஓடும் ஆபீஸ்களும் உங்களிடம் இருக்கும். அங்கே ஃபைல்களை நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளை இன்னொரு மாதிரி. ஃபைல்கள் நல்லபடியாக நகலானால் அது 1 தரும். நகலெடுக்க ஒன்றும் இல்லாமல் எல்லாம் ஏற்கெனவே ஒன்றாக இருந்தால் 0. 8 முதல்தான் தோல்வி. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் பழக்கத்தில் “0 இல்லாதது எல்லாம் தோல்வி” என்று எழுதினால் ஒவ்வொரு வெற்றிக்கும் எச்சரிக்கை மணி அடிக்கும். ஊருக்கு ஊர் வழக்கு மாறுவதுபோல இதுவும் மாறும். எழுதி வைத்தால்தான் தெரியும்.

“திருப்பும்” என்ற சொல்லையும் கவனியுங்கள். உங்கள் பக்கம் ஒன்றில் “இருப்பு எண்ணிக்கையைத் திருப்பும்” என்று இருந்தால் என்ன அர்த்தம்? திரையில் அச்சிடுமா, எக்ஸிட் கோட் ஆகத் தருமா, அல்லது உள்ளே இருக்கும் ஃபங்ஷன் திருப்பும் மதிப்பா? மூன்றையும் நாம் பேச்சில் “ரிட்டர்ன் பண்ணும்” என்றே சொல்கிறோம். ஆனால் கையேட்டில் மூன்றுக்கும் மூன்று சொல் வைத்து, கடைசிவரை மாற்றாமல் எழுத வேண்டும். நான் எழுதும்போது வெளியீட்டில் வருவதற்கு “அச்சிடும்”, எக்ஸிட் கோட் எண்ணுக்கு “என்ற எண்ணுடன் முடியும்”, ஃபங்ஷனுக்கு மட்டும் “திருப்பும்” என்று வைத்துக்கொள்கிறேன். லினக்ஸோடு வரும் கையேட்டுப் பக்கங்களான மேன் பேஜ்களிலும் இந்தப் பிரிவு உண்டு. கட்டளைகளின் பக்கங்களில் தலைப்பு “எக்ஸிட் ஸ்டேட்டஸ்”. சிஸ்டம் கால், ஃபங்ஷன் பக்கங்களில் “ரிட்டர்ன் வேல்யூ”, அதன் கீழே பிழைகளுக்குத் தனியாக “எரர்ஸ்”. உங்கள் பக்கங்களில் இருக்கும் “ட்ரூ” (உண்மை) இங்கேதான் வழுக்கிவிடும். ஷெல்லில் 0 என்றால் சரி, சி மொழியில் 0 என்றால் பொய். “ட்ரூ திருப்பும்” என்று படித்தவர் 1 என்று நினைத்தால் அவர்மேல் தப்பே இல்லை. கட்டளைப் பக்கங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

எண்ணிக்கையை எக்ஸிட் கோட் ஆகத் தரும் கட்டளை ஏதாவது இருந்தால் அதை இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். யூனிக்ஸ், லினக்ஸில் அந்த எண்ணுக்கு எட்டு பிட்தான் வெளியே வரும், 0 முதல் 255 வரை. “தவறான வரிகள் எத்தனையோ அதுவே எக்ஸிட் கோட்” என்று ஒருவர் வைத்திருந்தால், 300 வரி தவறானபோது 256 கழிந்து 44 என்று வரும். சரியாக 256 வரி தவறானால் 0 வரும், எல்லாம் சரி என்று அர்த்தமாகிவிடும். எண்ணிக்கையை அச்சிடட்டும், எக்ஸிட் கோட் நிலையை மட்டும் சொல்லட்டும்.

இனி நல்ல கையேடு என்ன செய்யும் என்பதற்கு ஏற்காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு காபித் தோட்டத்தில், பழம் எடுக்கும் காலத்தில், சாயங்காலம் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு எடையும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டும் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஃபைல். பறித்த எடையைப் பார்த்துத்தான் சனிக்கிழமை கூலி. அந்த ஃபைல்களை அரைமணிக்கு ஒருமுறை, ஃபைல்களை இன்னொரு கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை கீழே சேலம் ஆபீசுக்கு அனுப்பும். 0 இல்லாமல் எது வந்தாலும் எனக்கு மெசேஜ் வரும்படி வைத்திருந்தேன். முதல் வாரம் தினமும் சாயங்காலம் மெசேஜ் வந்தது. இரண்டு தடவை அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தேன். எல்லாச் சீட்டும் கீழே வந்து சேர்ந்திருந்தது.

மூன்றாவது தடவை போவதற்கு முன் ஆர்சிங்க் கையேட்டில் “எக்ஸிட் வேல்யூஸ்” என்ற பகுதியைப் பார்த்தேன். எனக்கு வந்துகொண்டிருந்த எண் 24. அனுப்ப எடுத்துக்கொண்ட ஃபைல் இடையில் மறைந்துவிட்டதால் பகுதி மட்டும் சென்றது என்று அங்கே எழுதியிருந்தது. எடை மென்பொருள் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தற்காலிக ஃபைல் உண்டாக்கி உடனே அழிக்கிறது. ஆர்சிங்க் அந்தத் தற்காலிக ஃபைலைத்தான் காணோம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேல்வரியில் 23 இருந்தது: பிழையால் பகுதி மட்டும் சென்றது. பட்டியலில் சற்றுக் கீழே 30: அனுப்பும்போதோ வாங்கும்போதோ நேரம் கடந்துவிட்டது. மலையில் மழை பிடித்தால் லைன் விழும், அது 30. ஸ்கிரிப்டை மாற்றினேன். 24 என்றால் லாக்கில் மட்டும் எழுது, 30 என்றால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி அனுப்பு, 23 என்றால் என்னைக் கூப்பிடு.

அடுத்த மாதம் ஒரு நாள் 23 வந்தது. உடனே பார்த்தேன். இரண்டு சீட்டு ஃபைல்களைப் படிக்கும் அனுமதி மாறிப்போயிருந்தது. அன்றைக்கே சரிசெய்ததால் இரண்டு பேரின் எடை கணக்கில் விட்டுப்போகாமல் சனிக்கிழமைக்குள் சேர்ந்தது. பழையபடி எல்லா எண்ணையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தால், வழக்கமாக வருகிற மெசேஜ்தானே என்று அதையும் தள்ளிவிட்டிருப்பேன். ஆர்சிங்க் பக்கத்தில் அந்தப் பட்டியலை உட்கார்ந்து எழுதியவருக்கு ஏற்காடு என்று ஒரு ஊர் இருப்பது தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் எழுதிய இரண்டு வரிதான் அங்கே இரண்டு பேரின் கூலியைக் காப்பாற்றியது.

அந்த மலைப்பாதையில் வளைவுகளுக்கு எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நின்றுபோனால் எத்தனையாவது வளைவு என்று சொன்னால் போதும், மெக்கானிக் நேரே வந்துவிடுவார். எக்ஸிட் கோட் எண்ணும் அப்படி ஊன்றி வைத்த எண்தான். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு பொருளுக்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு பிழை இனி வராது என்றால் அந்த எண்ணைச் சும்மா விட்டுவிடுங்கள், புதிய பிழைக்குப் புதிய எண் கொடுங்கள்.

சரி, எப்படி எழுதுவது? தலைப்புக்குப் பழைய வரலாறு உண்டு. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே ஒவ்வொரு பக்கமும் பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம் என்று ஒரே வரிசையில் இருந்தது. கட்டளை சொல்லும் பிழைகளுக்கு “டயக்னாஸ்டிக்ஸ்” என்று ஒரு தலைப்பு. 1979இல் வந்த ஏழாம் பதிப்பில் கிரெப்பின் 0, 1, 2 அந்தத் தலைப்பின் கீழேதான் இருந்தன. பிறகு யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரம் “எக்ஸிட் ஸ்டேட்டஸ்” என்று தனித் தலைப்பே வைத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் அதைக் கட்டாயமாக்கியது. யூனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டியின் கையேடுகளில் இதற்கு ஒரு மேக்ரோவே, அதாவது ஒரு சுருக்கக் குறியே, உண்டு. அதைப் போட்டால் “வெற்றி எனில் 0, பிழை எனில் 0 விட அதிகம்” என்ற பொருளில் ஒரு நிலையான வாக்கியம் தானாக வந்து விழும். எளிய கட்டளைகளுக்கு அது அருமையான வழி. உங்கள் நாற்பதில் இருபதுக்கு மேல் அந்த ஒரே வாக்கியம் போதும், நகலெடுத்து ஒட்டுங்கள், வெட்கமே வேண்டாம். ஆனால் மூன்று பதில் உள்ள கட்டளைக்கு அந்த வாக்கியத்தை ஒட்டினால் அது உண்மையை மூடி மறைத்துவிடும்.

“0 விட அதிகம்” என்பதற்கும் “1” என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கையேட்டில் 1 என்று எழுதிவிட்டால் யாரோ ஒருவர் 1 தானா என்றே சோதித்து ஸ்கிரிப்ட் எழுதுவார். பிறகு அதை 2 ஆக்கினால் அவர் ஸ்கிரிப்ட் உடையும். கிரெப்பின் பிழைக்கு பாசிக்ஸ் “1 விட அதிகம்” என்று மட்டும் சொல்கிறது, லினக்ஸில் வழக்கமாக வரும் க்னூ கிரெப்தான் 2 என்று குறிப்பாகச் சொல்கிறது. பல வருடம் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுங்கள்.

சொந்த எண்களுக்கு 125 தாண்ட வேண்டாம். 126 என்றால் கட்டளை இருக்கிறது, ஓட்ட முடியவில்லை. 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. நிறுத்தச் சொல்லி வெளியிலிருந்து வரும் சிக்னலால் கட்டளை செத்தால் ஷெல் 128ஐ அந்தச் சிக்னல் எண்ணோடு கூட்டிச் சொல்லும்: கண்ட்ரோல்-சி அடித்தால் 130, கட்டாயமாக நிறுத்தும் கில் 9 விழுந்தால் 137. தூரத்து கம்ப்யூட்டரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் தன் சொந்தக் கோளாறுக்கு 255 தரும். இவற்றை நாற்பது பக்கத்திலும் எழுத வேண்டாம், கையேட்டின் தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு அங்கே கைகாட்டுங்கள். ஆனால் 137 மட்டும் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே கட்டளையைக் கொல்லும்போதும் அதே எண்தான் வரும், சின்ன சர்வர்களில் அது அடிக்கடி நடக்கும்.

ஒரு மாதிரிப் பக்கம் காட்டுகிறேன். “எடை-அனுப்பு” என்று ஒரு கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆப்ஷன்கள் முடிந்த உடனே இந்தத் தலைப்பு வரும்:

முடியும் எண்கள்
0: காத்திருந்த சீட்டுகள் எல்லாம் சென்றன. அனுப்பச் சீட்டே இல்லாதபோதும் 0.
1: சில சீட்டுகள் செல்லவில்லை, மற்றவை சென்றுவிட்டன. செல்லாதவற்றின் எண்கள் லாக்கில் இருக்கும். மறுபடி ஓட்டலாம், சென்றவை இரண்டாம் முறை பதிவாகாது.
2: கட்டளையைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். எதுவும் தொடப்படவில்லை.
3: சர்வருடன் இணைப்பு கிடைக்கவில்லை. எதுவும் செல்லவில்லை. பொறுத்து மறுபடி ஓட்டலாம்.

ஒவ்வொரு வரியும் என்ன நடந்தது என்பதோடு நின்றுவிடாமல், இப்போது எது எந்த நிலையில் இருக்கிறது, மறுபடி ஓட்டினால் ஆபத்தா என்பதையும் சொல்கிறது பாருங்கள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு வேண்டியது அதுதான். “1: பொதுவான பிழை” என்று எழுதினால் அவர் உங்களுக்குத்தான் போன் செய்ய வேண்டும். “அனுப்பச் சீட்டே இல்லாதபோதும் 0” என்ற வாக்கியமும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை எடை நடக்காது. அன்றைக்கு என்ன வரும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

எண்களை எங்கிருந்து எடுப்பது? புரோகிராமரைக் கேட்டால் அவர் நினைவில் இருப்பதைச் சொல்வார், அது பாதி சரியாக இருக்கும். நீங்களே ஓட்டிப் பாருங்கள். இல்லாத ஆப்ஷன் கொடுங்கள், இல்லாத ஃபைல் பெயர் கொடுங்கள், படிக்க அனுமதி இல்லாத ஃபைலைக் கொடுங்கள், ஓடும்போது நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், ஒவ்வொன்றுக்குப் பிறகும், கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோட் எண்ணை அச்சிடும் எக்கோ $? அடித்து வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க டிஸ்கை நிரப்ப வேண்டாம். லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் எதை எழுதினாலும் இடம் இல்லை என்ற பிழைதான் வரும். வெளியீட்டை அதற்குள் திருப்பிவிட்டுப் பாருங்கள். அப்போதும் 0 என்று முடியும் கட்டளை இரண்டு மூன்றாவது சிக்கும். அவற்றின் பெயரைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவை இன்றைக்கே திருத்த வேண்டியவை.

குறித்த அந்தச் சோதனைகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஸ்கிரிப்டாக வைத்துக்கொண்டு மென்பொருளின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் முன் ஓட்டுங்கள். அதே ஸ்கிரிப்ட் நாற்பது பக்கத்திலும் அந்தத் தலைப்பு இருக்கிறதா என்றும் கிரெப் செய்து பார்க்கட்டும். தலைப்பு இல்லாத பக்கம் ஒன்று இருந்தாலும் பில்ட், அதாவது புதிய பதிப்பைத் தயாரிக்கும் வேலை, நிற்கட்டும். நாற்பத்தொன்றாவது கட்டளையை யாரோ அவசரத்தில் சேர்க்கும் நாளில் அது உங்களுக்குப் பதிலாகப் பேசும்.

நாற்பதையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். சர்வரில் க்ரான் பட்டியலைத் திறந்து, ஆள் இல்லாத நேரத்தில் ஓடும் கட்டளைகள் எவை என்று பாருங்கள். பேக்கப் கண்டிப்பாக அதில் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள், முதல் வேலையாக அதற்குள் குழாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பேக்கப் ஃபைல்களின் அளவையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.